அடிக்கடி நீந்துபவர்களின் முடிக்கு எது காப்பு: தொப்பியா, எண்ணெயா, ஷாம்பா, ஷவரா?

நீச்சலை வழக்கமாக்கிக்கொண்டவர்களுக்குச் சில மாதங்களிலேயே முடி வித்தியாசம் காட்டத் தொடங்கிவிடும். நுனி சொரசொரக்கும். சீப்பு பாதி வழியில் மாட்டிக்கொள்ளும். கருகருவென்று இருந்த முடி வெயிலில் செம்பட்டையாகத் தெரியும். என்ன செய்யலாம் என்று கேட்டால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். நல்ல சிலிக்கோன் தொப்பி வாங்கச் சொல்வார் ஒருவர். எண்ணெய் தடவிக்கொண்டு இறங்கச் சொல்வார் இன்னொருவர். நீச்சல்காரர்களுக்கென்றே ஷாம்பு விற்கிறது, அது போதும் என்பார் மூன்றாமவர். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எது எவ்வளவு காக்கும், எது யாருக்குப் பொருந்தும் என்பதை யாரும் பிரித்துச் சொல்வதில்லை என்பதுதான் சிக்கல்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளத்தில் இறங்குமுன் நல்ல தண்ணீரில் முடியை ஊற நனைப்பதும், ஏறியவுடன் அலசுவதும்தான் முதல் இடம். தொப்பிக்கு இரண்டாம் இடம். எண்ணெய், கண்டிஷனர், தனி ஷாம்பு எல்லாம் இந்த இரண்டும் ஒழுங்காக நடக்கத் தொடங்கிய பிறகு யோசிக்க வேண்டியவை. காசு கொடுத்து வாங்கும் பொருளில்தான் பாதுகாப்பு இருக்கிறது என்ற எண்ணம் இந்த விஷயத்தில் செல்லாது. ஏன் என்று புரிய, முடிக்கு நேர்வது என்ன என்று பார்த்துவிட வேண்டும்.

குளத்து நீர் என்ன செய்கிறது

ஒரு முடியை நுண்ணோக்கியில் பார்த்தால் வெளிப்பக்கம் முழுக்கச் செதில்கள் தெரியும். ஒன்றன்மேல் ஒன்று ஏறி, நுனியைப் பார்த்துச் சாய்ந்து, பல அடுக்குகளாகப் படிந்திருக்கும். அவற்றின்மேல் மிக மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று உண்டு. முடி வழுவழுப்பாக இருப்பதும், தண்ணீர் பட்ட மாத்திரத்தில் ஊறிவிடாமல் இருப்பதும் அந்தப் படலத்தால்தான். செதில்களுக்கு உள்ளே கெரட்டின் புரத இழைகள் இருக்கின்றன. பலமும் நிறமும் அங்கேதான்.

தண்ணீரில் ஊறும் முடி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீரை உறிஞ்சிக்கொள்ளும். நீளம் அவ்வளவாக மாறாது; பருமன் 14 முதல் 16 சதவீதம் வரை கூடும். அப்படி உப்பும்போது செதில்கள் சற்றே விலகிக் கொடுக்கின்றன. ஈர முடி உலர்ந்த முடியைவிட பலவீனமானது, எளிதில் இழுபடும், எளிதில் அறும். ஆக, நீந்துபவரின் முடி தன் மிக மெலிந்த நிலையில் இருக்கும் நேரத்தில்தான் குளோரினைச் சந்திக்கிறது.

பொதுக் குளங்களில் சாதாரணமாக ஒரு லிட்டர் நீரில் 1 முதல் 3 மில்லிகிராம் வரை குளோரின் வைத்திருப்பார்கள். அளவு சிறியதுதான். ஆனால் கிருமியைக் கொல்லும் அதே ஆக்சிஜனேற்றம்தான் முடியின் கொழுப்புப் படலத்தையும், கெரட்டினைக் கட்டிவைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளையும் தாக்குகிறது. கம்பளித் தொழிலில் இதையே வேண்டுமென்று செய்கிறார்கள். துவைத்தால் சுருங்காத கம்பளி வேண்டுமானால், இழையின் செதில் முனைகளைக் குளோரின் விட்டு மழுங்கடிப்பார்கள். கம்பளியும் கெரட்டின், தலைமுடியும் கெரட்டின். தொழிற்சாலையில் பயன்படும் செறிவு அதிகம், குளத்தில் குறைவு. ஆனால் தினமும் நீந்துபவரின் முடி அந்தக் குறைந்த செறிவிலேயே வருடக்கணக்கில் ஊறுகிறது.

கறுப்பு முடிக்காரர்கள் இதைச் சற்று கவனிக்க வேண்டும். 'பொன்னிற முடிதானே பச்சையாகும், நமக்கென்ன' என்று இருந்துவிடுகிறோம். ஜப்பானின் முன்னணி நீச்சல் வீரர்களின் முடியை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் தோல் மருத்துவர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வீரர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு முடி நிறம் வெளுத்திருந்தது. நீரோடு உரசி உரசிச் செதில்கள் தேய்ந்துபோக, உள்ளே நுழைந்த குளோரின் நிறமியைச் சிதைக்கிறது என்பது அவர்கள் கண்ட காரணம். உரசலும் சேர்ந்துதான் கெடுக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தொப்பியைப் பற்றிப் பேசும்போது அது உதவும்.

பச்சை நிறத்துக்குக் காரணம் குளோரின் என்பது தவறு. அது தாமிரம். பாசியைத் தடுக்கக் கலக்கும் தாமிர உப்புகளிலிருந்தும், அரித்துப்போன குழாய்களிலிருந்தும் குளத்து நீரில் சேர்கிறது. வெளிர்நிற முடியிலும், ப்ளீச் செய்த முடியிலும், நரையிலும் பச்சை தெரியும். கறுப்பு முடியிலும் தாமிரம் படியத்தான் செய்கிறது. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

உப்புநீர்க் குளம் என்று சொல்லப்படுவதில் குளோரின் கிடையாது என்று நம்புகிறவர்கள் உண்டு. அந்தக் குளத்தில் போடும் உப்பையே மின்சாரத்தால் பிரித்துக் குளோரின் உண்டாக்குகிறார்கள். கண் எரிச்சல் குறைவாகத் தோன்றலாம். முடிக்கு அதுவும் குளோரின் குளம்தான்.

முன்னும் பின்னும் நல்ல தண்ணீர்

முடி உறிஞ்சும் நீருக்கு ஓர் எல்லை உண்டு. அந்த இடத்தை முதலிலேயே நல்ல தண்ணீர் பிடித்துக்கொண்டால் குளத்து நீருக்குக் கிடைக்கும் இடம் குறைகிறது. நனைத்துப் பிழிந்த துணி சாயத்தை மெதுவாகத்தான் பிடிக்கும் என்பது போலத்தான் இதுவும். முழுக்கத் தடுத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. குளோரின் மெல்ல மெல்லப் பரவி உள்ளே வரத்தான் செய்யும். ஆனால் உலர்ந்த முடி முதல் சில நிமிடங்களில் ஒரே மடக்கில் குடிக்கும் அளவு குளத்து நீரைத் தவிர்த்துவிடலாம்.

இதில் பலர் செய்வது போதாது. ஷவருக்கு அடியில் தலையைக் காட்டிவிட்டு ஓடிவந்தால் மேல்முடி மட்டும்தான் நனைந்திருக்கும். கழுத்துப் பக்கத்து முடியைக் கையில் எடுத்துப் பிரித்துப் பாருங்கள்; நடுவில் உலர்ந்த கற்றைகள் இருக்கும். அடர்த்தியான முடியை இரண்டு மூன்று பகுதியாகப் பிரித்து, தலையைக் குனிந்து, பின்கழுத்திலிருந்து நீர் ஓடவிட வேண்டும். நுனியைப் பிழிந்தால் நீர் சொட்ட வேண்டும். ஒன்றிரண்டு நிமிட வேலை. கூடவே உடம்பையும் நன்றாகக் கழுவிக்கொண்டு இறங்கினால் எல்லோருக்கும் நல்லது. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேரும்போதுதான் குளோரமைன்கள் உண்டாகின்றன. குளத்தருகே மூக்கைத் துளைக்கும் அந்த நெடி அவற்றுடையது.

நீந்தி முடித்தபின் அலசுவதில் எதைக் கொண்டு அலசுகிறோம் என்பதைவிட எப்போது அலசுகிறோம் என்பது பெரிது. குளத்து நீரோடு முடி காயக் காயத் தண்ணீர் ஆவியாகும், கரைந்திருந்தவை முடியிலேயே தங்கும். ஈரத் தலையோடு அரட்டை அடித்துவிட்டு, வண்டி ஓட்டி வீட்டுக்குப் போய், மாலையில் விலை உயர்ந்த ஷாம்பு போடுவதைவிட, குளக்கரை ஷவரில் உடனே நிற்கும் மூன்று நிமிடம் அதிகம் காக்கும். ஷவர் நீரில் நெடி போய், விரல்களுக்கு இடையே முடி வழுக்கத் தொடங்கும்வரை அலசுங்கள்.

செலவில்லாதது, எல்லா வகை முடிக்கும் பொருந்துவது, பக்கவிளைவு இல்லாதது இது ஒன்றுதான். மற்ற எதைத் தேர்ந்தெடுத்தாலும் இதற்கு மேல்தான் அடுக்க வேண்டும். இதற்குப் பதிலாக எதுவும் நிற்காது.

தொப்பி: லேடெக்ஸ், சிலிக்கோன், துணி

எந்த நீச்சல் தொப்பியும் தலையை உலர வைத்திருக்காது. வாங்குமுன் இதை ஏற்றுக்கொண்டுவிட்டால் ஏமாற்றம் இருக்காது. மூச்சுக்காகத் தலையைத் திருப்பும்போதும், சுவரைத் தள்ளித் திரும்பும்போதும் காதோரமாகவும் பின்கழுத்து வழியாகவும் நீர் நுழையும். அப்படியானால் தொப்பி எதற்கு? இரண்டு காரணம். உள்ளே நுழைந்த கொஞ்ச நீர் அங்கேயே நிற்கிறது. நொடிக்கு நொடி புதுக் குளோரின் வந்து மோதுவதில்லை. அதைவிட முக்கியமாக, முடி நீரோடு உரசுவதும், முடியும் முடியும் உரசிச் சிக்காவதும் நின்றுவிடுகிறது. நீளமான முடியைத் தொப்பியில்லாமல் விட்டு நீந்தியவர்களுக்குத் தெரியும், பின்கழுத்தில் விழும் முடிச்சுகளைப் பிரிப்பதற்குள் எவ்வளவு முடி அறுந்துபோகும் என்று.

லேடெக்ஸ் தொப்பி மெல்லியது, விலை குறைந்தது, தலையை நன்றாகப் பிடிக்கும். அந்தப் பிடிப்பே அதன் குறையும்கூட. போடும்போதும் கழற்றும்போதும் நெற்றியோர முடியைப் பிடித்து இழுக்கும். சிலருக்கு லேடெக்ஸ் ஒவ்வாமை உண்டு. தொப்பி படும் இடத்தில் அரிப்போ தடிப்போ வந்தால் அன்றே விட்டுவிட வேண்டும். இன்னொன்று, எண்ணெய் பட்டால் லேடெக்ஸ் வலுவிழந்து கிழியும். எண்ணெய் தடவிக்கொண்டு லேடெக்ஸ் தொப்பி போடுவது இரண்டையும் வீணாக்கும் வேலை.

சிலிக்கோன் தொப்பி சற்றுத் தடிமன், சற்று விலை கூடுதல், தலைக்குச் சூடாகவும் இருக்கும். ஆனால் வழுவழுப்பாக இருப்பதால் முடியை அவ்வளவாக இழுக்காது. வெகுநாள் உழைக்கும். வாரத்தில் மூன்று நான்கு நாள் நீந்துபவர் ஒரு தொப்பிதான் வாங்குவார் என்றால் சிலிக்கோன்தான் வாங்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

லைக்ரா துணித் தொப்பியை வசதிக்காகப் போடலாம், பாதுகாப்புக்காகப் போடக் கூடாது. தண்ணீர் தாராளமாக உள்ளே போய்வரும். முடியைச் சேர்த்துப் பிடிப்பதால் சிக்கு மட்டும் குறையும். லைக்ராவே குளோரினில் நாளடைவில் தொய்ந்துபோகும் துணி. ஆனால் ஒரு பயன் இருக்கிறது. சிலிக்கோன் தொப்பி பிடிக்கவில்லை, இறுக்குகிறது என்பவர்கள் அடியில் துணித் தொப்பி போட்டு அதன்மேல் சிலிக்கோனை இழுத்தால் முடி இழுபடாது, தொப்பியும் வழுக்கி ஏறாது.

அளவு விஷயம் அலட்சியம் செய்யக் கூடாதது. நீளமும் அடர்த்தியும் உள்ள முடியைச் சாதாரணத் தொப்பிக்குள் திணித்தால் விளிம்பில் இருக்கும் பொடிமுடிகள் அறும், தலைவலியும் வரும். நீள முடிக்கென்று பின்பக்கம் அகலமாகச் செய்த தொப்பிகள் இருக்கின்றன. சுருண்டு அடர்ந்த ஆஃப்ரோ முடிக்காக 'சோல் கேப்' என்ற பெரிய தொப்பியை ஒரு பிரிட்டிஷ் நிறுவனம் செய்தது. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்குக்கு முன் சர்வதேச நீச்சல் கூட்டமைப்பு அதை ஏற்க மறுத்தது. எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு, 2022 செப்டம்பரில் போட்டிகளில் அணிய ஒப்புதல் கிடைத்தது. முடிக்கு ஏற்ற தொப்பி இல்லாததாலேயே குளத்துப் பக்கம் வராமல் இருப்பவர்கள் உண்டு என்பதை அந்தச் சர்ச்சை வெளியே கொண்டுவந்தது. தலைக்குத் தகுந்த அளவைத் தேடுவதை ஆடம்பரமாக நினைக்காதீர்கள்.

போடும் விதம்: முடியைத் தளர்வாகப் பின்னி, பின்கழுத்துக்குச் சற்று மேலே தட்டையாகச் சுற்றிவிடுங்கள். உச்சியில் இறுக்கிக் கொண்டை போட்டால் தொப்பி மேலே ஏறி ஏறிக் கழன்றுவிடும். இரும்புக் கொக்கி வைத்த ரப்பர் பேண்ட் வேண்டாம். துணி சுற்றிய பேண்ட் போதும். தினமும் ஒரே இடத்தில் கட்டினால் அந்த இடத்திலேயே முடி ஒடியும், கட்டும் இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். நனைத்த தலையில் சிலிக்கோன் எளிதாக ஏறும். நெற்றியோரத்தில் கொஞ்சம் கண்டிஷனர் தடவிக்கொண்டால் விளிம்பு உரசாது.

எண்ணெயா, கண்டிஷனரா

இந்த இரண்டில் எது என்பதுதான் அதிகம் பேர் கேட்கும் கேள்வி. இரண்டும் வேறு வேறு வேலை செய்கின்றன.

தேங்காய் எண்ணெயைப் பற்றி நம்பிக்கையாகச் சொல்ல ஓர் ஆதாரம் இருக்கிறது. 2003இல் ரேலே, மொகிலே என்ற இருவர் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டு ஆய்வு வெளியிட்டார்கள். முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதில் மிகுந்திருக்கும் லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு. அதனால் செதில்களைத் தாண்டி உள்ளே போக முடிகிறது. உள்ளே எண்ணெய் இருந்தால் முடி உப்புவதும் குறைகிறது. மற்ற இரண்டும் பெரும்பாலும் மேலே படிந்து நிற்பவை. அந்த ஆய்வு தலை அலசுவதையும் சீவுவதையும் வைத்துச் செய்தது, குளோரினை வைத்துச் செய்ததல்ல. ஆனாலும் முடி உப்புவதைக் குறைக்கும் எதுவும் நீந்துபவருக்கு வேண்டியதுதான்.

ஆனால் எண்ணெய் உள்ளே போக மணிக்கணக்கில் ஆகும். குளக்கரையில் நின்றுகொண்டு அவசரமாகத் தடவுவதில் பெரிய பயன் இல்லை. மேலே படிந்தது கொஞ்சம் தடுக்கும், மீதி தண்ணீரில் மிதக்கும். குளத்து ஓரத்து ஓடுகளில் பிசுபிசுப்பான கோடு விழுவதும், வடிகட்டி அடைபடுவதும் இப்படித்தான். பல குளங்களில் எண்ணெய்த் தலையோடு இறங்க அனுமதி இல்லை, அது நியாயமும்கூட. முந்தின இரவு நுனியிலிருந்து பாதி நீளம் வரை அளவாகத் தடவிவிட்டு, காலையில் குளிக்கும்போது மேலே நிற்கும் எண்ணெயைக் கழுவிவிட்டு இறங்குவது சரியான வழி. உள்ளே போனது உள்ளேயே இருக்கும், குளமும் கெடாது.

கண்டிஷனர் உடனே வேலை செய்யும். தேய்ந்த முடியில் எதிர்மின் தன்மை அதிகம். கண்டிஷனரில் உள்ள பொருள்கள் நேர்மின் தன்மை கொண்டவை. எங்கே சேதம் அதிகமோ அங்கே அதிகமாக ஒட்டிக்கொள்ளும். செதில்கள் படியும், முடியோடு முடி உரசாது. கழுவத் தேவையில்லாத லீவ்-இன் வகையை நனைத்த முடியில் தடவி, மேலே தொப்பி போட்டால் நீச்சல் முடியும்வரை ஓரளவு தங்கும். தொப்பி இல்லாமல் தடவினால் சில சுற்றுகளிலேயே கரைந்துபோய்விடும். தலைத்தோலில் தடவக் கூடாது. காதுக்குக் கீழே இருக்கும் நீளத்துக்கு மட்டும் போதும்.

அப்படியானால் எது? வாரம் ஓரிரு நாள் நீந்துபவருக்குக் கண்டிஷனர் ஒன்றே போதும். தினமும் நீந்துபவர், அதிலும் நீளமான, வறண்ட முடி உள்ளவர், வாரத்தில் சில இரவுகள் தேங்காய் எண்ணெயும் நீந்தும் நாள்களில் கண்டிஷனரும் வைத்துக்கொள்ளலாம். சீக்கிரமே எண்ணெய் வழியும் தலையும் பொடுகும் உள்ளவர்கள் எண்ணெயை விட்டுவிடுவதே நல்லது.

ஷாம்பு, வைட்டமின் சி, வினிகர்

நீச்சல்காரர்களுக்கான ஷாம்பு என்று விற்பதில் உண்மையான சரக்கு இருக்கிறதா என்று பின்பக்க எழுத்தைப் படித்தால் தெரிந்துவிடும். ஒன்று, உலோகத்தைப் பிடித்து வெளியேற்றும் பொருள்: டைசோடியம் ஈடிடிஏ, டெட்ராசோடியம் ஈடிடிஏ, பைட்டிக் ஆசிட் போன்றவை. மற்றொன்று, குளோரினைச் செயலிழக்கச் செய்யும் சோடியம் தயோசல்பேட். இங்கே ஒரு நுணுக்கம். ஈடிடிஏ சாதாரண ஷாம்பு பலவற்றிலும் இருக்கும். பட்டியலின் வாலில், வாசனைப் பொருளுக்குப் பக்கத்தில் இருந்தால் அது ஷாம்பு கெடாமல் இருக்கச் சேர்த்த துளி. முன்பகுதியில் இருந்தால்தான் முடியில் படிந்த தாமிரத்தை எடுக்கும் அளவு இருக்கிறது என்று கொள்ளலாம்.

இந்த வகை ஷாம்பு நன்றாக உரித்தெடுக்கும். அதனாலேயே தினமும் போடக் கூடாது. வாரம் ஒருமுறை, நுரையை இரண்டு மூன்று நிமிடம் தலையில் நிற்கவிட்டு அலசி, பின்னால் கண்டிஷனரைத் தாராளமாகப் போட வேண்டும். மற்ற நாள்களில் மென்மையான ஷாம்பு போதும். சில நாள்கள் நன்றாக அலசிவிட்டுக் கண்டிஷனர் மட்டும் போட்டாலும் குறைவில்லை. தினமும் நீந்தி, தினமும் கடுமையான ஷாம்பு போடுபவர்களின் முடி வறள்வதற்குக் குளோரினும் காரணம், ஷாம்பும் காரணம்.

வைட்டமின் சி வேலை செய்யும் என்று தயங்காமல் சொல்லலாம். அஸ்கார்பிக் அமிலம் குளோரினோடு உடனே வினைபுரிந்து அதைச் சாதுவான குளோரைடாக மாற்றிவிடுகிறது. 1 மில்லிகிராம் குளோரினுக்குச் சுமார் 2.5 மில்லிகிராம் வைட்டமின் சி போதும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் கால் டீஸ்பூன் பொடி கலந்தால் தேவையைவிடப் பல மடங்கு இருக்கும். நீந்தி முடித்து, முதலில் ஷவரில் அலசி, பிறகு இதை ஊற்றி ஒரு நிமிடம் விட்டு மறுபடி அலசலாம். நெடி போய்விடுவதை உடனே உணர முடியும். கரைசலை அன்றன்றே கலக்க வேண்டும், வைத்தால் வீரியம் போகும். முடிக்கு நிறம் பூசியவர்கள் கவனமாக இருங்கள், நிறத்தை மங்கவைக்கலாம். என் பார்வையில், அலசிய பிறகும் முடியில் குளோரின் நெடி தங்குகிறவர்களுக்கு இது நல்ல துணை. மற்றவர்களுக்குக் கட்டாயமில்லை.

வினிகர் குளோரினை நீக்காது. நன்றாக நீர்த்த வினிகர் அமிலத் தன்மையால் செதில்களைப் படியவைத்துப் பளபளப்பைத் தரும், அவ்வளவே. சோடா உப்பு வேண்டவே வேண்டாம். காரத் தன்மை செதில்களைத் தூக்கிவிடும்.

உலர்த்தும்போது

டவலால் கசக்கித் துடைப்பதில் நிறைய முடி போகிறது. பழைய பருத்திச் சட்டையிலோ மென்மையான டவலிலோ சுற்றி அழுத்தி நீரை எடுங்கள். கண்டிஷனர் தலையில் இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுப்பது சுலபம்.

ஹேர் டிரையர் எப்போதும் கெடுதல் என்று நினைக்கிறோம். கொரியாவில் 2011இல் வந்த ஓர் ஆய்வில், 15 சென்டிமீட்டர் தள்ளி வைத்து அசைத்துக்கொண்டே மிதமான சூட்டில் உலர்த்திய முடி, தானாகக் காயவிட்ட முடியைவிட உள்ளே நன்றாக இருந்தது. முடி நெடுநேரம் ஊறிக் கிடப்பதும் ஒரு பாதிப்புதான். ஆகவே தினமும் நீந்தி, கட்டிய ஈரக் கொண்டையோடு மதியம்வரை இருப்பவர்களுக்கு மிதச்சூட்டு டிரையர் நல்ல தேர்வு. ஈர முடியில் நேராக்கும் கருவியை வைப்பது மட்டும் கூடாது. உள்ளே இருக்கும் நீர் கொதித்து ஆவியாகி முடித்தண்டில் குமிழ் விடும், அந்த இடத்தில் முடி ஒடியும்.

கடலில் நீந்துபவர்கள்

கடலில் குளோரின் இல்லை. ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது, மேலே வெயில் இருக்கிறது. காயும்போது உப்புப் படிகங்கள் முடியில் நின்று சொரசொரப்பாக்கும். புற ஊதாக் கதிர் நிறமியையும் கெரட்டினையும் சிதைக்கும். அதனால் இங்கே கணக்கு கொஞ்சம் மாறுகிறது. ஷாம்புவுக்கும் வைட்டமின் சிக்கும் வேலை இல்லை. நிழல் தரும் தொப்பி முதல் இடத்துக்கு வருகிறது, நல்ல தண்ணீர் அலசல் அதே இடத்தில் நிற்கிறது. கரையில் ஷவர் இல்லாத இடமானால் இரண்டு பாட்டில் தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள்.

யாருக்கு எது

வாரம் ஒருமுறை நீந்தும், குட்டை முடி உள்ளவர் நனைப்பது, அலசுவது இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். மற்றவற்றுக்குச் செலவழிக்கத் தேவையில்லை. வாரம் மூன்று நாளுக்கு மேல் நீந்துபவர் சிலிக்கோன் தொப்பியும், தோளுக்குக் கீழே முடி இருந்தால் லீவ்-இன் கண்டிஷனரும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தினப் பயிற்சியில் இருப்பவருக்கு இவற்றோடு வாரம் ஒருமுறை உலோகம் நீக்கும் ஷாம்பு. சுருள் முடி இயல்பிலேயே வறண்டது. அவர்கள் ஷாம்புவைக் குறைத்து, கண்டிஷனரையும் முந்தின இரவு எண்ணெயையும் கூட்ட வேண்டும். குழந்தைகளுக்குத் துணியும் சிலிக்கோனும் சேர்ந்த மென்மையான தொப்பி போதும். இழுபட்டு வலித்தால் நீச்சலையே வெறுத்துவிடுவார்கள்.

'நீந்துவதால் முடி கொட்டுகிறது' என்று பயப்படுகிறவர்கள் தொப்பிக்குள் கிடக்கும் முடியை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையில் சிறு வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு இயல்பாக உதிர்ந்த முடி. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை எல்லோருக்கும் உதிரும். குமிழ் இல்லாமல் இரு முனையும் மெலிந்தோ பிளந்தோ இருந்தால் ஒடிந்தது. குளோரின் கெடுப்பது வெளியே தெரியும் தண்டை, வேரை அல்ல. ஒடிந்த முடி அதிகமானால் மேலே சொன்னவற்றில் ஏதோ ஒன்று விடுபடுகிறது என்று பொருள், பெரும்பாலும் தொப்பியின் இறுக்கமாக இருக்கும். குமிழோடு உதிர்வது கூடிக்கொண்டே போனால் குளத்தைக் குறை சொல்லிக்கொண்டிராமல் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

ப்ளீச், ஹேர் கலர், ரசாயன ஸ்ட்ரெயிட்டனிங் செய்தவர்கள்தான் எல்லாவற்றையும் கடைப்பிடிக்க வேண்டியவர்கள். அவர்கள் முடியில் கொழுப்புப் படலம் முன்பே போய்விட்டதால் தண்ணீர் உடனே ஊறும். நனைப்பது, கண்டிஷனர், தொப்பி மூன்றும் அவர்களுக்கு ஒருநாளும் விடுபடக் கூடாது. அடுத்த முறை கலர் செய்யுமுன் உலோகம் நீக்கும் ஷாம்புவால் ஒன்றிரண்டு முறை அலசிவிட்டு, 'நான் வழக்கமாக நீந்துகிறவர்' என்று பார்லரில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். முடியில் தங்கிய தாமிரம் கலரில் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்தால் சேதம் பல மடங்காகும். தெரிந்தால் அவர்கள் ஒரு சிறு கற்றையில் சோதித்துப் பார்த்துவிட்டுத் தொடங்குவார்கள்.